கோலி என்றால் நிற்கிறவன் மட்டும்தானா? (கேலிக் ஃபுட்பால், கிளக்ஸ்டன் இழை)

வாசகர் கேள்வி, 17 நவம்பர் 2024

அயர்லாந்தில் கேலிக் ஃபுட்பால் என்று ஒன்று ஆடுகிறார்களாம். அதில் ஒரு கோலி 41 வயதில் திரும்பி வந்து கோப்பை வாங்கினாராம். சம்பளமும் கிடையாதாம். இரண்டு கம்பத்துக்கு நடுவே இருபது வருஷம் நிற்பதெல்லாம் ஒரு கேரியரா? அங்கே இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

17 நவம்பர், இரவு 11.40

நிற்கிற வேலைதான். ரயில்வே கேட் கீப்பரும் நிற்கிறவர்தான். மீதி நாளைக்கு.

18 நவம்பர்

முதலில் ஒன்று. நான் "கோலி" என்று எழுதுவதெல்லாம் கோல்கீப்பரைத்தான். விராட்டைத் தேடி வந்தவர்கள் பக்கத்து இழைக்குப் போகலாம்.

நீங்கள் கேட்கிற ஆள் ஸ்டீஃபன் கிளக்ஸ்டன். டப்ளின் மாவட்டத்துக் கோலி. 1981 டிசம்பரில் பிறந்தவர், கிளப் பார்னெல்ஸ், தொழில் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். 2001-ல் வழக்கமான கோலிக்கு அடிபட்டதால் லாங்ஃபர்டுக்கு எதிராக உள்ளே வந்தார். அதற்குப் பிறகு 2020 வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அகில அயர்லாந்துப் பட்டம் 9 முறை: 2011, 2013, 2015 முதல் 2020 வரை வரிசையாக ஆறு, கடைசியாக 2023. அதில் 7 முறை கேப்டனாக நின்று சாம் மக்வயர் கோப்பையைத் தூக்கியவர். ஞாயிற்றுக்கிழமை 80 ஆயிரம் பேர் முன்னால் ஆடிவிட்டு, அடுத்த வாரம் வகுப்பில் பசங்களிடம் ஹோம்வொர்க் கேட்கிற பிழைப்பு. சம்பளம் இல்லை என்பது உண்மைதான். பயணப்படி கிடைக்கும், அவ்வளவு.

நான் 2010-ல் வேலைக்காக டப்ளின் வந்தவன். முதல் ஒரு வருஷம் இந்த ஆட்டம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கையால் பிடிக்கிறான், காலால் உதைக்கிறான், குத்துகிறான், நாலு எட்டு ஓடிவிட்டுத் தன் பாதத்திலேயே தட்டித் திரும்பக் கையில் எடுக்கிறான். ஆபீசில் ஒருவரிடம் "இது ரக்பியா, சாக்கரா?" என்று கேட்டேன். அன்றைக்கு என்னுடன் அவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

18 நவம்பர், பின்குறிப்பு

ஸ்கோர் படிக்கிற முறையைச் சொல்லாவிட்டால் மேலே எதுவும் புரியாது. கம்பம் H மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், 3 பாயிண்ட். மேலே இரண்டு கம்பத்துக்கு நடுவே போனால் 1 பாயிண்ட். 1-12 என்றால் ஒரு கோல், பன்னிரண்டு பாயிண்ட், ஆக 15. பக்கத்துக்கு 15 பேர். மைதானம் 130 மீட்டருக்குக் குறையாது, 145 வரை போகும். சாக்கர் மைதானத்தில் பழகிய கண்ணுக்கு இது வயல்வெளி மாதிரி தெரியும்.

கோலிக்குக் கீழேயும் காவல், மேலேயும் திறந்த வானம். மேலே போகிற பந்தை அவர் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

19 நவம்பர்

"நிற்கிறவன்" என்று சொன்னவருக்கு 2011 கதை.

செப்டம்பர் 18, இறுதி ஆட்டம், டப்ளினும் கெர்ரி மாவட்டமும், டப்ளினில் இருக்கிற பெரிய மைதானம் குரோக் பார்க். டப்ளின் கடைசியாகக் கோப்பை பார்த்தது 1995-ல். கெர்ரி நாலு பாயிண்ட் முன்னே இருந்த நேரத்தில் கெவின் மெக்மனமன் ஒரு கோல் போட்டு ஆட்டத்தைத் திருப்பினார். கடைசி நிமிடங்களில் கெர்ரியின் கீரன் டோனஹி ஒரு பாயிண்ட் அடித்துச் சமன். கூடுதல் நேரத்தில் டப்ளினுக்கு ஒரு ஃப்ரீ கிக். அடிக்க யார் வருகிறார் என்று பார்த்தால், எதிர்முனையிலிருந்து கோலி நடந்து வருகிறார்.

ஓடவில்லை. நடந்துதான் வந்தார். பந்தைத் தரையில் வைத்தார். நாலு எட்டு பின்னால் போனார். இடது காலால் அடித்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே. 1-12, 1-11. விசில் ஊதியாயிற்று.

நான் அதை ஒரு பப்பில், நின்றுகொண்டே, ஆரஞ்சு ஜூஸ் கிளாஸோடு பார்த்தேன். பக்கத்தில் நின்ற அறுபது வயதுக்காரர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஜூஸ் முழுக்க என் சட்டையில்.

மற்றவர்கள் குதித்துப் புரளும்போது கிளக்ஸ்டன் முகத்தில் ஒன்றுமே இல்லை. கரண்ட் பில் கட்டிவிட்டுத் திரும்புகிறவர் மாதிரி இருந்தார்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? கோலியின் கேரியர் இதுதான்.

21 நவம்பர்

மேலே கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். ராத்திரி படுக்கும்போது யோசித்தேன். அந்த ஃப்ரீ கிக் அழகுதான், ஆனால் கிளக்ஸ்டன் அந்த ஒரு உதையால் பெரிய ஆள் ஆகவில்லை. ஃப்ரீ கிக் அடிக்கிற வேலை பின்னால் டீன் ராக் கைக்குப் போய்விட்டது. ஒரு கோலி பாயிண்ட் அடித்தால் அது செய்தி. கோலி கிக்-அவுட் அடித்தால் யாரும் பார்ப்பதில்லை, அந்த நேரத்தில்தான் டிவியில் ரீப்ளே ஓடும். ஆட்டம் அங்கேதான் மாறியது.

கிக்-அவுட் என்பது என்ன? எதிரணி ஸ்கோர் அடித்தாலும், அடித்தது வெளியே போனாலும், பந்து கோலியிடம் வரும். அவர் அதைத் தரையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையத்தின் மேல் வைத்து உதைத்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கவேண்டும். 2011 கணக்கையே எடுங்கள்: கெர்ரி 1-11, அதாவது 12 தடவை ஸ்கோர். வெளியே போன பந்துகளைச் சேர்க்காமலே 12 கிக்-அவுட். 70 நிமிட ஆட்டத்தில் இத்தனை முறை பந்து ஒரே ஒருவன் காலடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, எங்கே போகவேண்டும் என்று அவன்தான் சொல்லவேண்டும். வேறு எந்த ஆட்டக்காரனுக்கும் இப்படி ஒரு வசதி கிடையாது.

பழைய காலத்தில் அந்த வசதியை வைத்து என்ன செய்தார்கள்? வானத்தைப் பார்த்து ஓங்கி ஒரு உதை. நடுக்களத்தில் பனைமரம் மாதிரி நாலு பேர் எகிறுவார்கள். யார் கையில் சிக்குகிறதோ அவனுக்கு. பூவா தலையா போடுவது போலத்தான். கூட்டத்துக்கு அது பிடிக்கும், இன்றைக்கும் பிடிக்கும்.

கிளக்ஸ்டன் பூவா தலையா போட மறுத்தார். பந்து வெளியே போன அடுத்த சில நொடியில் வேறு பந்து வளையத்தின் மேல் இருக்கும். எதிரணி முன்கள ஆள், "அடடா, தவறிவிட்டதே" என்று தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி நடக்கிற அந்த இடைவெளியில், ஓரத்தில் தனியாக ஓடுகிற டப்ளின் ஆளின் மார்புக்கு நேரே பந்து போய்ச் சேரும். நின்றவனுக்குக் கொடுக்கமாட்டார். ஓடுகிறவனுக்கு முன்னால் போடுவார். அவன் வேகத்தைக் குறைக்காமல் வாங்கிக்கொண்டு போவான்.

இன்று நவம்பர் 21 என்பதால் ஒரு வரி. 1920-ல் இதே நாள், இதே குரோக் பார்க்கில், டப்ளின் - டிப்பரேரி ஆட்டத்தின் நடுவே பிரிட்டிஷ் படை சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். ஒருவர் டிப்பரேரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். ஹோகன் ஸ்டாண்ட் அவர் பெயரில்தான் இருக்கிறது. இங்கே யாரும் இதை வெறும் மைதானமாகப் பார்ப்பதில்லை. நான் "ரக்பியா?" என்று கேட்டபோது அந்த மனுஷன் ஏன் சாப்பிட வரவில்லை என்று புரிய எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

22 நவம்பர்

தனிமடலில் ஒருவர்: "அவர் ஏன் பேட்டியே கொடுப்பதில்லை? திமிரா?"

2003-ஐப் பார்க்கவேண்டும். அப்போது வயது 21. அர்மாவுக்கு எதிரான ஆட்டம், டப்ளின் முன்னணியில் இருந்தது. ஒரு பந்துக்காக வந்த மோதலில் அர்மாவின் ஸ்டீவன் மெக்டொனலை நோக்கிக் காலை வீசினார். சிவப்பு அட்டை. கோலியே வெளியே. அர்மா அப்போது நடப்புச் சாம்பியன், விடுமா? டப்ளின் தோற்றது, அந்த வருஷம் முடிந்தது. பழி முழுக்க ஒரு பையன் தலையில் வந்து விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் மைக் முன்னால் நின்று நான் பார்த்தது கோப்பை வாங்கும்போது மட்டும்தான், அதுவும் சுருக்கமாக. திமிர் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. கோலி செய்கிற தப்பு ஸ்கோர்போர்டில் ஏறுகிறது. மற்றவன் தப்பு புல்லோடு போய்விடும்.

24 நவம்பர்

நேரில் பார்த்ததை எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். 2014 ஆகஸ்ட் 31, அரையிறுதி, டோனெகாலுக்கு எதிராக. மதியச் சாப்பாட்டுக்கு வராத அதே ஆபீஸ்காரர்தான் டிக்கெட் கொடுத்தார். ஹில் 16, நிற்கிற கேலரி. கால் வலி, நீல மயம், முன்னால் ஆறடி ஆள்.

முன்னால் ஆறடி ஆள் நின்றதால் நடுக்களம் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தது கம்பமும் கோலியும் மட்டும். அதனால் ஒரு முழுப் பாதி நேரம் நான் கோலியை மட்டுமே பார்த்தேன். தியேட்டரில் தூண் மறைத்தால் ஒரே நடிகரைப் பார்ப்போமே, அப்படி. ஒரு கோலி எவ்வளவு பேசுகிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கை ஓயவில்லை. நீ அங்கே, நீ இன்னும் வெளியே. பந்து மறுகோடியில் இருக்கும்போதும் இரண்டெட்டு முன்னால், ஓரெட்டுப் பக்கவாட்டில், அளந்துகொண்டே இருக்கிறார். கையுறையை ஒட்டுவதும் பிரிப்பதுமாக ஒரு சத்தம். அந்த இரைச்சலில் அது எனக்குக் கேட்டிருக்கவே முடியாது, ஆனாலும் கேட்டது போலவே ஞாபகம்.

அன்றைக்கு டப்ளின் தோற்றது, 3-14க்கு 0-17. டோனெகால் மேனேஜர் ஜிம் மெக்கின்னஸ் கிக்-அவுட்டைப் படித்துவிட்டு வந்திருந்தார். குட்டையாகப் போடும் வழிகளில் ஆள், நீளமாகப் போனால் இறங்குகிற இடத்தில் ஆள். மூன்று கோல் உள்ளே. தபால்காரர் போகிற தெருவை அடைத்துவிட்டால் கடிதம் எப்படிப் போகும்?

அதற்குப் பிறகு 2019 முடிய, சாம்பியன்ஷிப்பில் டப்ளின் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் மனைவி "நீங்களே ஆடின மாதிரி" என்பாள்.

25 நவம்பர்

நேற்றைய குறிப்பைப் படித்தால் டப்ளின் அதற்குப் பிறகு சிக்கலே படவில்லை என்பது போல இருக்கிறது. அப்படி இல்லை. 2016 அரையிறுதியில் கெர்ரி முன்னேறி வந்து கிக்-அவுட்டை அடைத்தது. இடைவேளைக்கு முன் இரண்டு கோல் வாங்கினார்கள், ஒரு கிக்-அவுட் நேராக எதிரி கைக்கே போனது. இடைவேளையில் டப்ளின் ஐந்து பாயிண்ட் பின்னே.

இரண்டாம் பாதியில் அதே கோலி, அதே கால். பயந்து வானத்தைப் பார்த்து அடிக்கவில்லை. திரும்பவும் ஆள் பார்த்தே போட்டார். முடிவு 0-22, 2-14, டப்ளினுக்கு இரண்டு பாயிண்டில் வெற்றி. எனக்கு 2011 உதையைவிட இந்த இரண்டாம் பாதிதான் பெரிது. இதற்குச் சிலை வைக்கமாட்டார்கள்.

26 நவம்பர்

மேயோ மாவட்ட அணி ரசிகர் ஒருவர் (தமிழர்தான், காஸில்பார் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை) திட்டி எழுதியிருக்கிறார். "எங்கள் ஆளைப் பற்றி ஒரு வரி இல்லையே." நியாயம். கிளக்ஸ்டனால் மற்ற கோலிகளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு மேயோவைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2016 இறுதி ஆட்டம் டிரா. டப்ளின் 2-9, மேயோ 0-15. வேடிக்கை என்னவென்றால் அந்த இரண்டு கோலும் மேயோக்காரர்களே தங்கள் வலைக்குள் தள்ளியது. கோலி டேவிட் கிளார்க் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பந்தைத் தடுப்பதில் அந்த வருஷம் அவருக்கு இணை இல்லை, வருஷத்தின் சிறந்த பதினைந்து பேருக்குக் கொடுக்கிற ஆல்-ஸ்டார் விருதில் கோலி இடத்தையும் அவர்தான் வாங்கினார். ஆனால் அக்டோபர் 1 மறு ஆட்டத்துக்கு மேயோ அவரை உட்காரவைத்துவிட்டு ராப் ஹென்னெல்லியை இறக்கியது. காரணம் கிக்-அவுட். ஹென்னெல்லியின் உதை நீளம், வகைவகையாகப் போடுவார்.

இரண்டாம் பாதியில் உயரமாக வந்த ஒரு பந்து ஹென்னெல்லி கையிலிருந்து நழுவியது. எடுக்க வந்த பேடி ஆண்ட்ரூஸைப் பிடித்து இழுத்தார். கறுப்பு அட்டை (அப்போதைய விதிப்படி ஆள் வெளியே, பதிலுக்கு மாற்று ஆள் வரலாம்), பெனால்டி. உள்ளே வந்தது யார்? அதே டேவிட் கிளார்க். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்து அவர் செய்த முதல் வேலை பெனால்டிக்கு எதிரே நிற்பது. டீர்மிட் கொனொலி அடித்தார், கோல். முடிவு 1-15, 1-14. ஒரே ஒரு பாயிண்ட்.

தடுக்கத் தெரிந்தவனை உட்காரவைத்து உதைக்கத் தெரிந்தவனை இறக்குகிற நிலைமைக்கு ஒரு மாவட்டத்தைக் கொண்டுவந்தது யார்? எதிர்முனையில் நின்றவர்.

மேயோ 1951-க்குப் பிறகு கோப்பை பார்க்கவில்லை. நண்பரே, அதற்கு மேல் நான் பேசமாட்டேன்.

26 நவம்பர், இரவு

அடுத்த வருஷமும் ஒன்று, சொல்லாமல் விட்டால் அவர் தூங்கமாட்டார். 2017 இறுதி, 1-17க்கு 1-16, திரும்பவும் ஒரே பாயிண்ட். டீன் ராக் கடைசி ஃப்ரீ கிக்குக்கு ஓடிவரும்போது அவர் உதையைக் கெடுக்க மேயோவின் லீ கீகன் தன் ஜிபிஎஸ் கருவியைக் கழற்றி எறிந்தார். அதை எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு கிளார்க் கிக்-அவுட் எடுக்க வந்தபோது, டப்ளின் முன்கள ஆட்கள் மேயோ ஆட்களைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தார்கள், போட ஆளே கிடைக்கக்கூடாது என்று. கிக்-அவுட்டின் மதிப்பு என்ன என்பதை டப்ளின்காரனைவிட யார் அறிவார்? ரசிகனாக எனக்கு அது வெட்கம்தான். கோப்பையையும் மறுக்கவில்லை.

1 டிசம்பர்

செய்தி பார்த்தீர்களா? நேற்று குரோக் பார்க்கில் இந்த ஆட்டத்தை நடத்துகிற சங்கத்தின் (GAA) சிறப்புப் பேரவை கூடி புது விதிகளுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது, ஜனவரியில் தொடங்கும் லீக்கிலேயே பரீட்சை. 40 மீட்டரில் ஒரு வளைவுக் கோடு. அதற்கு வெளியிலிருந்து அடித்தால் 2 பாயிண்ட். எங்கள் பேச்சுக்கு முக்கியமானது: கிக்-அவுட் அந்த 40 மீட்டர் வளைவைத் தாண்டியே ஆகவேண்டும். குட்டையாகப் போடுவது காலி. போதாததற்குக் கோலிக்குப் பந்தைத் திருப்பிக் கொடுக்கவும் கட்டுப்பாடு. கொடுக்கிறவர், கோலி இருவரும் கம்பத்துக்கு முன்னால் இருக்கிற தங்கள் பெரிய கட்டத்துக்குள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கோலி பாதி மைதானத்தைத் தாண்டியிருக்கவேண்டும்.

இந்த விதிகளை எழுதிய குழுவின் தலைவர் யார் தெரியுமா? ஜிம் கேவின். 2013 முதல் 2019 வரை டப்ளின் மேனேஜர். கிளக்ஸ்டனின் குட்டைக் கிக்-அவுட்டை வைத்து ஆறு பட்டம் வாங்கியவர். தானே வெட்டிய கிணற்றைத் தானே மூடியிருக்கிறார்.

கோபப்படலாமா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், கடைசி சில வருஷம் ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாக் கோலியும் கிளக்ஸ்டனைப் பார்த்துக் குட்டையாகப் போட ஆரம்பித்தார்கள். பிறகு பக்கவாட்டில், பின்னால், கைமாற்றிக் கைமாற்றி, கேரம்போர்டில் காயைத் தடவிக்கொண்டே அடிக்காமல் உட்கார்ந்திருப்பது மாதிரி. அவர் செய்தது வேகத்துக்காக. நகலெடுத்தவர்கள் செய்தது பயத்துக்காக. விதி இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டது.

2 டிசம்பர்

சொந்தக் கதை, வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

என் பையனுக்கு 13 வயது. 2011-ல் பிறந்தவன், பட்ட வருஷம். பக்கத்துக் கிளப்பில் கோலி. கோலி ஆனதற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை: ஒருநாள் கோலி வரவில்லை, இவன் உயரமாக இருந்தான்.

போன செப்டம்பரில் ஒரு ஆட்டம். காலை பத்து மணி, புல்லெல்லாம் ஈரம், பெற்றோர் கையில் காப்பிக் கோப்பை. இரண்டு பாயிண்ட் முன்னே இருக்கிறார்கள். கிக்-அவுட். இவன் நிமிர்ந்து பார்க்கிறான், இடது ஓரத்தில் ஒரு பையன் கை தூக்கியிருக்கிறான். அந்தப் பையனுக்குப் பின்னால் எதிரணி ஆள் பதுங்கி வருவது எனக்குத் தெரிகிறது, இவனுக்குத் தெரியவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன், "தூக்கி அடிடா!" என்று, தமிழில். அங்கிருந்த நாற்பது பேருக்கும் நான் என்ன சொன்னேன் என்று தெரியாது.

குட்டையாகவே போட்டான். நடுவில் பாய்ந்து பிடித்தான் எதிரணிப் பையன், இரண்டு எட்டு, கோல். ஓரத்தில் நின்ற பெற்றோர் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் காப்பியைப் பார்த்தார்கள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

காரில் வரும்போது இருவரும் பேசவில்லை. வீடு வரப்போகிற நேரம் அவன் சொன்னான்: "அப்பா, நீங்க கத்தினது எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது."

நான் ரேடியோவைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

3 டிசம்பர்

"பையன் கோலியாகத் தொடர்கிறானா?" என்று நாலு பேர் கேட்டாயிற்று. தொடர்கிறான். பின்கட்டில் தினமும் உதை. பந்து வைக்கிற அந்த பிளாஸ்டிக் வளையத்துக்கு இங்கே பெயர் "டீ". "அம்மா, என் டீ எங்கே?" என்று அவன் கத்தினால் ஊரிலிருந்து வந்திருக்கிற என் அம்மா அடுப்பில் பாலை வைத்துவிடுகிறார். இந்த மாதத்தில் மூன்று தடவை.

8 டிசம்பர்

திருத்தம். ஆபீசில் நான் பீற்றிக்கொண்ட ஒன்றை இங்கேயும் எழுதலாம் என்றிருந்தேன், நல்லவேளை எழுதவில்லை. "2019-ல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய முதல் கோலி கிளக்ஸ்டன்" என்றேன். ஆல்-ஸ்டார் விருது வரிசையில் அது சரி. ஆனால் அதற்கு முன் டெக்ஸாகோ விருது என்று ஒன்று உண்டு. அதைக் கார்க் கோலி பில்லி மோர்கன் 1973-லும், ஆஃபலி கோலி மார்ட்டின் ஃபர்லாங் 1982-லும் வாங்கியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு வராத அந்த ஆபீஸ்காரர் (இப்போது தினமும் வருகிறார்) சிரித்துக்கொண்டே திருத்தினார்.

ஃபர்லாங் கதை தனி. 1982-ல் கெர்ரி வரிசையாக ஐந்தாவது பட்டத்துக்கு வந்தது. மைக்கி ஷீஹி அடித்த பெனால்டியை ஃபர்லாங் தடுத்தார். கடைசியில் மாற்று ஆளாக வந்த சீமஸ் டார்பி ஒரு கோல் போட்டார், ஆஃபலி 1-15, கெர்ரி 0-17. ஐந்து வரிசை யாருக்கும் கிடைக்கவில்லை.

37 வருஷம் கழித்து டப்ளின் அதே ஐந்தாவதுக்கு வந்து நின்றபோது, எதிரே கெர்ரி. ஜானி கூப்பர் வெளியேற்றப்பட்டு டப்ளின் 14 பேர். அதற்கு முன்னாலேயே கெர்ரிக்குப் பெனால்டி, அடித்தது பால் கீனி. கிளக்ஸ்டன் தடுத்தார். ஆட்டம் 1-16, 1-16 டிரா. தடுக்காவிட்டால் டிரா ஏது? மறு ஆட்டத்தில் 1-18, 0-15, ஐந்து வரிசை முடிந்தது. போன மாதம் நான் "கிக்-அவுட்தான் எல்லாம்" என்ற மாதிரி எழுதிவிட்டேன். கம்பத்துக்கு நடுவே நிற்பதும் வேலைதான் என்று கேள்வி கேட்டவருக்குப் பாதி ஒப்புக்கொள்கிறேன்.

26 டிசம்பர்

விடுமுறை. பழைய வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறோம், பையனும் நானும். 1978 இறுதி. டப்ளின் கோலி பேடி கல்லன் ரெஃப்ரியிடம் வாதாடிக்கொண்டு கம்பத்தை விட்டு வெளியே நிற்கிறார். கெர்ரிக்கு ஃப்ரீ கிக். டப்ளின் ஆள் ராபி கெல்லெஹரே மரியாதையாகப் பந்தை எடுத்து மைக்கி ஷீஹி கையில் கொடுக்கிறார். ஷீஹி ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை, அப்படியே மேலே தூக்கிப் போட்டார். கல்லன் பின்னங்காலில் ஓடி வலைக்குள் விழுகிறார், பந்தும் விழுகிறது. கெர்ரி 5-11, டப்ளின் 0-9.

பையன் சிரித்து உருண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வருஷம் முன்னால் 1974 இறுதியில் பெனால்டி தடுத்தவர் அதே கல்லன். ஆனால் யூடியூபில் எது ஓடுகிறது?

27 ஜனவரி 2025

புது விதியோடு லீக் தொடங்கியாயிற்று. ஒரே வாரத்தில் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் கிக்-அவுட் வரும்போது கூட்டம் எழுந்து நிற்கிறது, அதைப் பார்த்தேன். டிரோனின் நயல் மோர்கன், மோனஹனின் ரோரி பெகன் மாதிரி நெடுந்தூரம் உதைக்கிற கோலிகளுக்கு இந்த 2 பாயிண்ட் விதி அல்வா. பெகன் போன மார்ச்சில் அமெரிக்கன் ஃபுட்பால் (என்.எஃப்.எல்) தேர்வுக்கே போய் உதைத்துக் காட்டினார். அவரோடு போன டவுன் (Down) மாவட்டத்துக் கோலி சார்லி ஸ்மித்தை நியூ ஆர்லியன்ஸ் அணி எடுத்துக்கொண்டது. சம்பளமே இல்லாத ஆட்டத்தில் பந்தை வளையத்தில் வைத்து உதைத்துப் பழகிய கால், டாலருக்குப் போயிற்று. கேரியரா என்று கேட்டவர் இதையும் குறித்துக்கொள்ளவும்.

9 பிப்ரவரி

முதல் கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கிறார்: "இந்த வருஷமும் கிளக்ஸ்டன் ஆடுவாரா? 43 ஆகிவிட்டதே."

2020-க்குப் பிறகு அவர் விலகியது எப்படி என்று சொல்கிறேன். அறிக்கை இல்லை, விடைபெறும் பேட்டி இல்லை, மைதானத்தைச் சுற்றி ஒரு நடை இல்லை. 2021-ல் வரவில்லை, அவ்வளவுதான். எவன் கொமர்ஃபர்ட் கம்பத்துக்கு வந்தார். 2022-ம் போயிற்று. 2023 வசந்தத்தில், டப்ளின் இரண்டாம் டிவிஷனில் கிடந்த நேரம், ஒரு லீக் ஆட்டத்தின் மாற்று வீரர் வரிசையில் அவர் பெயர். மேனேஜர் டெஸ்ஸி ஃபாரெல் ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. ஜூலை 30 இறுதியில் கெர்ரியை 1-15, 0-13 என்று ஜெயித்தபோது கம்பத்தில் நின்றவர் அவர்தான், வயது 41. ஒன்பதாவது பதக்கம். அதே நாளில் ஜேம்ஸ் மெக்கார்த்திக்கும் மைக்கேல் ஃபிட்ஸிமன்ஸுக்கும் ஒன்பது. அதுவரை எட்டைத் தாண்டியவர் யாரும் இல்லை. போன வருஷம் காலிறுதியில் கால்வேயிடம் ஒரு பாயிண்டில், 0-17க்கு 0-16, தோற்றபோதும் அவர்தான் கோலி.

இங்கே வழக்கம்: முதல் பதினைந்து பேர் 1 முதல் 15 வரை ஜெர்சி. மாற்றுக் கோலிக்குப் பெரும்பாலும் 16. டப்ளின் அணி வெளியானதும் மற்றவர்கள் முன்கள வரிசையைத் தேடுவார்கள். என் பையன் போனை என்னிடமிருந்து பிடுங்கி, கட்டைவிரலால் சர்ரென்று கீழே தள்ளி, முதலில் 16-ஐத்தான் பார்க்கிறான்.